மானிப்பாய் அங்காதிபாதமும் கலங்களின் உரையாடலும்

மானிப்பாய் என்றதும் யாழ்ப்பாணத்தவர் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று மருதடிப் பிள்ளையார் கோயில்; மற்றது மிசன் ஆஸ்பத்திரி. அவ்வூரிலே வைத்தியப் பணியை நிலைநாட்டிய அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், மனித உடலின் அமைப்பைக் கூறும் நூலொன்றைத் தமிழில் ஆக்கி 1857 ஆம் ஆண்டில் அச்சேற்றினார். ‘அங்காதிபாதம்’ என்பது அதன் பெயர். அடுத்த ஆண்டிலே, பெர்லின் நகரத்து வைத்தியப் பேராசான் விர்ச்சோ, நோய் என்பது உடலின் கலங்களிலே நிகழும் மாற்றமே என்னும் கொள்கையை விரிவுரைகளாக வெளியிட்டார். இன்றைய நோயியல் முழுவதும் அக்கொள்கையின்மீது எழுந்த கட்டடமாகும். அக்கட்டடத்துக்கு அத்திவாரம் இடப்பட்ட காலத்திலேயே, வைத்திய விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லமுடியும் என்று நம் குடாநாட்டிற் காட்டப்பட்டுவிட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அதன் பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அன்று கலம் என்ற ஒன்றைக் கண்டுகொண்ட விஞ்ஞானம், இன்று ஒரு கலம் தன் அயற்கலத்தோடு எவ்வாறு பேசுகிறது என்பதையும், புற்றுநோய் கண்டவிடத்து அந்தப் பேச்சு எவ்வாறு குலைகிறது என்பதையும் ஆராய்கிறது. பேச்சுக்கு வாயிலாக நிற்கும் புரதங்களை மனித இழையங்களிலும் கட்டிகளிலும் பிறபொருளெதிரிகளைக் கொண்டு தேடிக் காண்கிறது. இந்தத் தேடலின் வரலாற்றைச் சொல்வதே நமது நோக்கம். அதனோடு ஒரு கேள்வியும் உண்டு. அங்காதிபாதத்தைத் தமிழிற் கற்ற மண்ணிலே, புற்றுநோயாளி ஒருவனுக்கு அவனுடைய நோய் இன்னதென்று ஏன் இன்னும் அவனறியாத மொழியிலேயே எழுதப்படுகிறது?

முதலிற் கிறீனின் கதையைப் பார்ப்போம். 1822 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த அவர், 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் தங்கி வைத்தியஞ் செய்தார். மதம் பரப்ப வந்த சபையின் ஊழியர் அவர். அந்நோக்கம் அவருக்கு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் வந்த இடத்து மக்களின் மொழியை அவர் வெறும் பிரசங்கக் கருவியாக மட்டும் எண்ணவில்லை. தொடக்கத்தில் மாணவர்க்கு ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார். கற்றுத் தேறியவர்களிற் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். கிராமம் பழையபடியே கிடந்தது. இதனைக் கண்ட அவர், தாய்நாடு சென்று 1862 இல் மீண்டும் வந்தபின், தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். தமிழிற் கற்றவன் தமிழ்க் கிராமத்திலே தங்குவான் என்பது அவர் கணிப்பு.

கற்பிப்பதற்கு நூல்கள் வேண்டுமன்றோ? அவரும் அவருடைய மாணவரும் சேர்ந்து நூல்களை ஆக்கினர். 1867 இல் ‘இரணவைத்தியம்’ வெளிவந்தது. 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளிவந்தது. உலகெங்கும் வைத்திய மாணவர் இன்றும் பெயர் சொல்லும் கிரேயின் உடற்கூற்று நூலே அது. ஆங்கில மூலம் இலண்டனில் 1858 இல் வெளியானது. பதினான்கே ஆண்டுகளில் அது தமிழாயிற்று. 1873 இல் அவர் நோயுற்று நாடு திரும்பிய பிறகும் வேலை நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து மாணவர் மொழிபெயர்த்த கையெழுத்துப் பிரதிகள் கப்பலேறி அமெரிக்கா சென்றன. அவர் திருத்தியனுப்ப இங்கே அச்சாயின. ‘கெமிஸ்தம்’ 1875 இலும், உடற்றொழில் கூறும் ‘மனுஷ சுகரணம்’ 1883 இலும் வெளிவந்தன. 1884 இல் அவர் காலமானார். அறுபதுக்கு மேற்பட்ட மாணவர் அவரிடம் வைத்தியம் கற்றுத் தேறியிருந்தனர்.

அவர் கையாண்ட சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை. வடசொற் கலப்பு மிகுதி. ஆயினும் அவர் வகுத்த நெறி செம்மையானது. ஒரு பொருளுக்குத் தமிழ்ச்சொல் உண்டா என்று முதலில் தேடுதல். இல்லையெனில் வடமொழியை நாடுதல். அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுதல். சொல் இல்லை என்ற சாக்கில் அறிவை நிறுத்திவைப்பதை அவர் ஒப்பவில்லை. ஆனால் கொழும்பிலே 1870 இல் தொடங்கிய அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. பட்டமும் பதவியும் அந்த வழியாகவே வந்தன. மானிப்பாயின் தமிழ் வகுப்பு அதனைத் தொடங்கியவருக்குப் பின் நிலைக்கவில்லை. வழிகாட்டிய மண், தான் காட்டிய வழியைத் தானே கைவிட்டது.

இனி, அந்த நூல்கள் எட்டாத இடத்துக்கு விஞ்ஞானம் சென்ற கதைக்கு வருவோம்.

விர்ச்சோவின் காலத்து அறிஞர், கலத்தை ஒரு தனி அறையாகக் கண்டனர். சுவர் உண்டு, உள்ளே கரு உண்டு, அறைகள் அடுக்கடுக்காகச் சேர்ந்ததே இழையம் என்றனர். ஆயின் ஓர் ஐயம் எஞ்சி நின்றது. கோடானு கோடி அறைகள் ஒவ்வொன்றும் தன்போக்கில் இயங்கினால் இதயம் ஒரே தாளத்தில் துடிப்பது எவ்வாறு? வெட்டுப்பட்ட தோல், காயம் மூடியதும் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்வது எவ்வாறு? அறைக்கும் அறைக்கும் இடையே ஏதோ ஒரு தொடர்பு இருத்தல் வேண்டும்.

நம் ஊர் வளவுகளை நினைத்துக்கொண்டால் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வளவுக்கு வளவு கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ கட்டி வேலி அடைத்திருக்கிறோம். ஆயினும் அயலவர் இருவர் மனமொத்து வாழுமிடத்தில் வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அடுப்புக்கு நெருப்பு, பிள்ளைக்குக் கொஞ்சம் பால், ஊரிலே நடந்த நன்மை தீமை யாவும் அந்தப் பொட்டின் வழியாகவே போய் வரும். பெரிய பொருள் எதுவும் அதனூடு புகாது. பொட்டு அடைபட்டால், அயலிலே என்ன நடக்கிறது என்பது தெரியாது. கலங்களுக்கிடையே உள்ள வழியும் ஏறக்குறைய இத்தகையதே. விஞ்ஞானிகள் அதனை இடைவெளிச் சந்தி என்கின்றனர்.

அச்சந்தி இருப்பதற்கு முதற்சான்று நரம்பிலே கிடைத்தது. 1959 இல் பேர்ஷ்பான், பொற்றர் என்னும் இருவர், நன்னீர் வாழ் இறால்வகை ஒன்றின் நரம்புக் கலங்களில், மின்னோட்டம் இடையில் வேறு இரசாயனப் பொருளின் துணையின்றி நேரே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்வதைக் காட்டினர். இது நரம்புக்கே உரிய தன்மை என்று பலர் எண்ணினர். 1964 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து லோவன்ஸ்டைனும் ஜப்பானியரான கன்னோவும், ஒருவகை ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அதே நிகழ்ச்சியைக் கண்டனர். நரம்போடு சம்பந்தமில்லாத சாதாரணக் கலங்களும் ஒன்றோடொன்று தொடர்புகொண்டே வாழ்கின்றன என்பது அதனாற் புலப்பட்டது.

அவ்விருவரும் 1966 இல் செய்த சோதனை இன்னும் முக்கியமானது. எலியின் ஈரற் கலங்களில் நுண்ணிய மின்வாய்களைச் செலுத்திப் பார்த்தனர். நலமான ஈரலில் ஒரு கலத்திற் செலுத்திய மின்னோட்டம் அயற்கலங்களுக்குப் பரவிற்று. புற்றுநோய் கண்ட ஈரற் கலங்களிலோ அது பரவவில்லை. ஒவ்வொரு கலமும் தனித்து நின்றது. அயலின் செய்தி எட்டாத கலம், நிறுத்து என்ற கட்டளையும் எட்டாமல் பெருகிக்கொண்டே போகிறது போலும் என்ற கருத்து அப்போது எழுந்தது. புற்றுநோயைப் பற்றிய சிந்தனையில் இது ஒரு புதிய திசை. கலத்தின் உள்ளே மட்டும் நோயைத் தேடிய கண், கலத்துக்கும் கலத்துக்கும் உள்ள உறவிலும் நோயைத் தேடத் தலைப்பட்டது. எல்லாப் புற்றுநோய்களும் இவ்வாறு தொடர்பற்றவை அல்ல என்று பின்னர் தெரிய வந்ததாயினும், கேள்வி நிலைத்தது.

பொட்டின் உருவத்தை 1967 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்து றெவெல், கார்னொவ்ஸ்கி என்போர் இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டனர். இரு கலங்களின் மென்சவ்வுகளும் மிக நெருங்கி, இரண்டு மூன்று நனோமீற்றர் அளவே இடைவெளி விட்டு நிற்குமிடத்தில், தேனடையின் அறைகள் போல அறுகோண ஒழுங்கில் நுண்துகள்கள் செறிந்திருந்தன. ஒவ்வொரு துகளும் ஆறு புரதங்கள் வட்டமாய்க் கூடிய ஒரு குழாய். இக்கலத்தின் பாதிக் குழாயும் அயற்கலத்தின் பாதிக் குழாயும் நேருக்கு நேர் பொருந்தும்போதே வழி திறக்கிறது. ஒருவர் மட்டும் முயன்று பொட்டு வைக்கமுடியாது; இருபுறத்தாரும் உடன்படவேண்டும். உப்புக்களும் சீனி போன்ற சிறு மூலக்கூறுகளும் அவ்வழியே செல்லும். பெரிய புரதங்கள் செல்லமாட்டா.

அந்தப் புரதத்துக்குக் கொனெக்சின் என்று 1974 இற் பெயரிடப்பட்டது. 1986 இல் ஈரலின் கொனெக்சினுக்கு உரிய பரம்பரையலகு பிரித்தறியப்பட்டது. அடுத்த ஆண்டு இதயத்தினுடையது அறியப்பட்டது. மனிதனிடம் இருபத்தொரு வகைக் கொனெக்சின்கள் உள்ளன என்பது இன்று தெளிவு. அவற்றைத் திணிவைக்கொண்டு எண்ணிட்டு வழங்குகின்றனர். இதயத்தில் மிகுதியாக உள்ளது 43. ஈரலில் உள்ளது 32. மார்பகம், ஈரல், உட்காது முதலியவற்றிற் காணப்படுவது 26. ஆகவே பொட்டு உண்டா இல்லையா என்று கேட்டால் மட்டும் போதாது. எந்த இழையத்தில், எந்த வகை, கலத்தின் எந்தப் பகுதியில் என்றும் கேட்கவேண்டியதாயிற்று. மின்வாய் இதற்கு விடை தராது. ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்த கட்டி உயிரற்றது. அதிலே மின்னோட்டம் பாய்ச்சிப் பயனில்லை. புரதத்தைப் பெயர் சொல்லித் தேடுகின்ற ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியே பிறபொருளெதிரி.

பிறபொருளெதிரியின் வரலாறு தனியே நெடியது. 1890 இல் பெர்லினில் பேரிங் என்னும் ஜெர்மானியரும் கித்தசாத்தோ என்னும் ஜப்பானியரும், நஞ்சூட்டிப் பழக்கிய விலங்கின் குருதிநீர் அதே நஞ்சை முறிக்கும் என்று கண்டனர். உடலுக்குள் அந்நியப் பொருள் புகும்போது அதற்கென்றே பொருந்தும் ஒரு புரதத்தை உடல் ஆக்கிக்கொள்கிறது. பூட்டுக்கு ஏற்ற திறப்புப் போல அது தன் பொருளைத் தேடிப் பற்றிக்கொள்ளும். அரை நூற்றாண்டுக் காலம் இது நோய் தீர்க்கும் மருந்தாகவே கருதப்பட்டது. 1941 இல் ஹாவர்ட்டில் அல்பேட் கூன்ஸ் என்பவர் ஒரு புதிய வழி கண்டார். பிறபொருளெதிரியோடு ஒளிவீசும் சாயமொன்றைப் பிணைத்துவிட்டால், அது எங்கே போய் ஒட்டிக்கொள்கிறதோ அந்த இடத்தை நுணுக்குக்காட்டியில் நேரே காணலாமன்றோ? அவ்வாறே செய்தும் காட்டினார். மருந்து விளக்காயிற்று.

அந்த விளக்கைப் பார்க்க விலையுயர்ந்த தனி நுணுக்குக்காட்டி வேண்டியிருந்தது. 1966 ஐ ஒட்டிய ஆண்டுகளில் நக்கானே என்னும் ஜப்பானியரும் பியேர்ஸ் என்பவரும் சாயத்துக்குப் பதிலாக நொதியம் ஒன்றைப் பிணைத்தனர். அந்நொதியம் தான் நிற்குமிடத்தில் கபில நிறத்தைத் தோற்றுவிக்கும். சாதாரண ஆஸ்பத்திரி நுணுக்குக்காட்டியே அதைப் பார்க்கப் போதும். 1975 இல் கேம்பிறிட்ஜில் கோலரும் மில்ஸ்ரைனும் ஒரேவகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு ஆக்கும் முறையைக் கண்டனர். அம்முறைக்கு அவர்கள் தனியுரிமைச் சாசனம் பெறவில்லை. உலகம் அதனைத் தடையின்றிக் கையாண்டது. இன்று அதனாற் செய்த பொருள்களைக் கம்பனிகள் பெருவிலைக்கு விற்கின்றன என்பதையும் உடன் சொல்லவேண்டும். அறிவு பொதுவாக வந்தது. அதன் பயன் சந்தைக்குப் போயிற்று.

கொனெக்சினைத் தேடும் முறை இதுதான். கொனெக்சின் வகைகள் பலவும் மென்சவ்வுக்குள் அமையும் பகுதியில் ஒன்றையொன்று ஒத்தவை; கலத்தின் உட்புறமாக நீண்டிருக்கும் வாலிலே வேறுபட்டவை. அந்த வாலின் ஒரு சிறு துண்டை ஆய்வுகூடத்திற் செயற்கையாக ஆக்கி முயலுக்கு ஊசி மூலம் ஏற்றினால், அந்த வகையை மட்டும் பற்றும் பிறபொருளெதிரி முயலின் குருதியில் உண்டாகும். நோயாளியிடமிருந்து எடுத்த இழையத்தை மெழுகிற் பதித்து, மயிரினும் மெல்லிய சீவல்களாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுகின்றனர். மெழுகை நீக்கிப் பிறபொருளெதிரியை அதன்மேல் விடுகின்றனர். ஒட்டாததைக் கழுவி, நொதியம் பிணைத்த இரண்டாவது பிறபொருளெதிரியை விடுகின்றனர். கலங்களின் எல்லைகளில் கபிலப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றினால், அங்கே பொட்டுக்கள் உண்டு.

ஜெர்மன் ஆய்வாளர் குழுவொன்று 1992 இல் 26, 32, 43 என்னும் மூன்று கொனெக்சின்களையும் மனிதனின் நலமான இழையங்களிலும் கட்டிகளிலும் இவ்வாறு தேடி, தன் முடிவை வெளியிட்டது. அதற்கு முன்னும் பின்னும் பல நாடுகளிற் பலர் இதனைச் செய்துள்ளனர். யாவற்றையும் சேர்த்து நோக்கின், விடை ஒரே வாக்கியத்தில் அடங்குவதன்று. பல கட்டிகளிற் கொனெக்சின் குறைந்திருக்கிறது. சிலவற்றிற் குறையவில்லை, ஆயின் கலத்தின் எல்லைக்கு வந்து சேராமல் உள்ளேயே தேங்கிக் கிடக்கிறது. சில, உடலில் வேறிடத்துக்குப் பரவியபின் மீண்டும் மிகுதியாகத் தோன்றுகின்றன. புதிய இடத்திற் குடியேறுவதற்கு அயலோடு உறவு வேண்டும் போலும். 1991 இல் வெளிவந்த ஆய்வுகளில், கொனெக்சின் இழந்த புற்றுக் கலங்களுக்கு அதன் பரம்பரையலகைத் திரும்பக் கொடுத்தபோது அவற்றின் வளர்ச்சி தளர்ந்தது. பொட்டு அடைபடுவது நோயின் விளைவு மட்டுமன்று, சில இடங்களிலாவது காரணங்களுள் ஒன்று என்பதற்கு இது சான்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கபில நிறம் தோன்றியதாலேயே உண்மை கண்டுவிட்டோம் என்று எண்ணலாகாது. பிறபொருளெதிரி தவறான புரதத்தையும் பற்றக்கூடும். இழையத்தைப் பாதுகாக்கும் போமலின் திரவம், புரதத்தை மூடி மறைத்துவிடவுங்கூடும்; மறைந்ததை வெப்பத்தால் மீண்டும் வெளிக்கொணரும் முறை 1991 இலேயே கிடைத்தது. ஆதலின் முதற் பிறபொருளெதிரி விடாத சீவல் ஒன்றையும், கொனெக்சின் நிச்சயமாக உள்ள ஈரல் அல்லது இதயச் சீவல் ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்காமல் நேர்மையான ஆய்வாளன் முடிவு கூறான். கொனெக்சின் சோதனை இன்னும் ஆஸ்பத்திரியின் அன்றாடச் சோதனையாகவும் ஆகவில்லை. அது ஆராய்ச்சி நிலையிலேயே நிற்கிறது. ஆயின் அதே முறையால் மார்பகப் புற்றுநோயில் ஓமோன் ஏற்பிகளைத் தேடுவது அன்றாட வேலையாகிவிட்டது. எந்த மருந்து பலிக்கும் என்பதையே அச்சோதனை தீர்மானிக்கிறது.

இவையெல்லாம் தூரதேசத்து ஆய்வுகூடத்துச் செய்திகள், யாழ்ப்பாணத்துக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் உண்டாயின், நேர்வாளத்தை அவர்களுக்கு நினைவூட்டுவோம். நம் நாட்டு வைத்தியர் சுத்திசெய்து பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளந்தான். அதன் எண்ணெயைத் தோலிற் பூசினால், ஏற்கெனவே கேடுற்ற கலங்கள் கட்டியாக வளர்வதை அது தூண்டும் என்று 1940களில் எலிகளிற் கண்டனர். அவ்வெண்ணெயில் உள்ள நஞ்சு கலங்களின் பொட்டை அடைத்துவிடுகிறது என்று 1979 இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் காட்டின. வெளியிலிருந்து வரும் ஒரு பொருள் கலங்களின் உறவைத் துண்டித்து நோயை வளர்க்கவல்லது என்பதற்கு நமது கொல்லைச் செடியே உதாரணமாயிற்று.

அப்படியாயின் நாள்தோறும் வாயில் அடக்கிவைக்கும் பொருளைப் பற்றி என்ன சொல்வது? புகையிலை இக்குடாநாட்டின் பெருஞ்செல்வமாக நெடுங்காலம் இருந்தது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. துலா மிதித்து நீர் இறைத்த கூலியாளின் வியர்வை அந்த இலையில் இருந்தது. இலாபம் வணிகன் கையில் இருந்தது. தென்திருவிதாங்கூரின் நெய்யூர் மிசன் ஆஸ்பத்திரியில், வெற்றிலை பாக்கோடு புகையிலை மென்றவர்கள் வாய்ப்புற்றுநோயோடு வந்து குவிந்தனர். அங்கிருந்த வைத்தியர் பென்ரோல் 1908 இலும், ஓர் என்பவர் 1933 இலும் இதனை உலகறிய எழுதினர். புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோய்க்குக் காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985 இற் கூறியது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்குத் தானும் அத்தகையனவே என்று 2004 இல் உறுதிசெய்தது. இலங்கை ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. வயலிலும் தோட்டத்திலும் கடலிலும் பசியையும் களைப்பையும் மறக்க மெல்லும் ஏழையே அதற்கு அதிகம் பலியாகிறான்.

அவனுக்கு எங்கே வைத்தியம் கிடைத்தது? யாழ்ப்பாணப் பட்டினத்து ஆஸ்பத்திரி, ஏசண்டர் டைக்கின் காலத்தில் 1850 இல் தொடங்கியது. வைத்தியபீடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 இல் உருவாயிற்று. அது வேரூன்றுமுன் போர் வந்தது. 1987 ஒக்ரோபரில் ஆஸ்பத்திரியின் உள்ளேயே வைத்தியரும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். 1990க்குப் பிந்திய ஆண்டுகளிற் குடாநாடு மின்சாரமின்றி இருளிற் கிடந்தது. பிறபொருளெதிரியோ குளிரூட்டிய பெட்டியிலன்றிக் கெட்டுவிடும் பொருள். உலகம் கட்டிகளில் கொனெக்சினைத் தேடிக்கொண்டிருந்த அந்தப் பத்தாண்டிலே, நம்மவர் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடிக்கொண்டிருந்தனர். போர் முடிந்தபின், 2011 இல், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை இலங்கையின் பல இனத்து மக்களும் நடந்து பொருள் திரட்டினர். அப்பொருளைக் கொண்டு தெல்லிப்பழையிற் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. இனங்களுக்கிடையே அடைபட்ட வேலியில் மக்கள் தாமே வைத்த ஒரு பொட்டு அது. அதனை நாம் நன்றியோடு குறிக்கிறோம்.

கட்டடம் வந்தது, கருவிகள் வருகின்றன. எஞ்சி நிற்பது மொழி.

இவ்விடத்தில் ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்கவேண்டும். கலம், இழையம், புரதம், நொதியம், மென்சவ்வு, நுணுக்குக்காட்டி, பிறபொருளெதிரி என்று இக்கட்டுரையில் நாம் எழுதிய சொற்களுள் ஒன்றையேனும் நாம் புதிதாய்ப் படைக்கவில்லை. இலங்கையின் தமிழ்ப் பாடநூல்களில் உள்ள சொற்களே அவை. நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் ஊர்காவற்றுறையிலும் உயிரியல் கற்கும் மாணவியர் அவற்றை ஆண்டுதோறும் எழுதிப் பரீட்சையில் தேறுகின்றனர். அந்த மாணவி வைத்தியபீடத்தினுள் புகுந்ததும் அச்சொற்களை வாசலில் விட்டுச்செல்கிறாள். வைத்தியராகி வெளிவரும்போது, தன் சொந்தத் தகப்பனாரின் வாய்ப்புண்ணைப் பற்றிய நோயியல் அறிக்கையை ஆங்கிலத்தில் வாசித்து, “ஒன்றுமில்லை அப்பா, ஒரு சின்னச் சோதனை” என்று சொல்லிவிடுகிறாள். அவளைக் குறைகூற நாம் எழுதவில்லை. சொல்லத் தெரியாமலன்று, சொல்லும் பழக்கம் நம்மிடம் அறுந்துபோனமையால் அவள் அவ்வாறு சொல்கிறாள்.

ஆங்கிலம் வேண்டாம் என்பது நமது வாதமன்று. உலக அறிவு அம்மொழியின் வழியாகப் பெருகி வருகிறது. நம் வைத்தியர் அதில் வல்லவராகவே இருத்தல் வேண்டும். கிறீனின் மாணவரும் ஆங்கிலம் அறிந்தே தமிழில் எழுதினர். நாம் கேட்பது சிறியது. தெல்லிப்பழையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவன் உடலிலிருந்து ஒரு துண்டு வெட்டியெடுக்கப்பட்டால், அதில் என்ன தேடப்பட்டது, என்ன காணப்பட்டது, இனிச் செய்யவேண்டியது யாது என்னும் மூன்றையும் அவன் வாசிக்கக்கூடிய தமிழில் ஒரு தாளில் எழுதி அவன் கையிற் கொடுக்கவேண்டும். அதற்குப் புதிய சட்டமோ பெருந்தொகைப் பணமோ வேண்டியதில்லை.

அறிவு பாமரரிடம் சென்றால் பயன்படுமோ என்று ஐயுறுவோர்க்கும் நம் நாட்டிலேயே விடை உண்டு. கிராமச் சுகாதார ஊழியரைச் சிறிது காலம் பயிற்றி, மக்களின் வாயைப் பார்த்து நோயின் முற்குறிகளைக் கண்டுபிடிக்கச் செய்யலாம் என்று இலங்கையில் நடந்த ஆய்வு காட்டியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏடு 1984 இல் அதனை வெளியிட்டது. வெள்ளைப் படை, சிவந்த திட்டு, வாய் திறக்கமுடியாத இறுக்கம், இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண் ஆகியவற்றை அறிந்துகொள்ள முயலின் குருதியும் வேண்டாம், நொதியமும் வேண்டாம். கண்ணாடியும் வெளிச்சமும், அவற்றின் பொருளைத் தன் மொழியிற் கேட்டறிந்த மனிதனும் போதும். பிறபொருளெதிரி காட்டும் நுண்ணிய உண்மை, முற்றிய நோயை வகைப்படுத்த உதவும். ஊரறிந்த எளிய உண்மையோ நோய் முற்றாமற் காக்கும். இரண்டையும் இணைப்பது மொழி.

கலங்களின் வாழ்வு அயலோடு கொள்ளும் தொடர்பிலே தங்கியிருக்கிறது என்று விஞ்ஞானம் நமக்குக் காட்டிற்று. அந்தத் தொடர்புக்கு இருபுறமும் பாதிப் பாதியாக வழி அமைக்கவேண்டும். ஆய்வுகூடத்துக்கும் நம் அடுப்படிக்கும் இடையே உள்ள வேலிக்கும் இதுவே பொருந்தும். வைத்தியர் தம் பக்கத்திலிருந்து ஒரு பாதி திறக்கட்டும். கேட்டறியும் உரிமையை வற்புறுத்தி மக்கள் மறுபாதியைத் திறக்கட்டும். 1857 இல் மானிப்பாயில் ஓர் அந்நியர் நம் மாணவரோடு சேர்ந்து அந்த வழியைத் திறந்துவைத்தார். அதனை அடைத்துவிட்டவர்கள் நாமே. மீண்டும் திறக்கவேண்டியவர்களும் நாமே.